முறுக்கு

கெலுகோர் மேட்டில் இயற்பியல் கட்டடம்,
கீழ்த்தளம், ஜன்னல் வைக்காத அறை.
மேசை மட்டும் முக்கால் டன்.
அதன்மேல் நாங்கள் ஓடவிடுவதற்கு
எடையே கிடையாது.

தமிழில் இதை எப்படிச் சொல்வாய் என்று
முதல் வாரம் கேட்டாள் ஹஸ்னிசா.
முறுக்கிய ஒளி என்றேன்.
முறுக்கா! என்று சிரித்தாள்.
அவள் மொழியிலும் அதே சொல்தான்,
பெருநாளைக்குத் தகர டப்பாவில் வருவது.
அன்றிலிருந்து பதிவேட்டில்
முறுக்கு ஒன்று, முறுக்கு இரண்டு, முறுக்கு மூன்று.
பேராசிரியர் இன்னும் கேட்கவில்லை.

ஒளி நேராகப் போகும் என்றுதான் படித்தோம்.
நேராகத்தான் போகிறது.
ஆனால் அந்தச் சிறு திரையில்
முட்கரண்டி போலக் கிளைத்த கோடுகளில் பட்டு வந்தால்
அதன் அலைமுகம் சுருள் படிக்கட்டாகிவிடும்.
ஓர் அலைநீளம் ஏறுவதற்குள் எத்தனை படிக்கட்டு
ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பின்னியிருக்கிறதோ
அதுதான் முறுக்கின் எண்.
இரண்டரை என்று வைத்துப் பார்த்தோம் ஒருநாள்.
சுவரில் விழுந்த வளையம்
ஒரு பக்கம் பிய்ந்து நின்றது.

முழு எண் என்றால் அழகான உளுந்து வடை.
நடுவில் வெளிச்சம் இல்லை.
யாரும் மறைக்கவில்லை.
எல்லாப் படிகளும் வந்து முட்டும் அந்தத் தண்டில்
எந்தப் படியில் நிற்பதென்று தீராமல்
ஒளி தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் இடம் அது.

பதினேழு இரவுகள்.
ஒரு சொட்டு நீரில் சிலிக்கா மணிகள்,
தலைமுடியின் அகலத்தில் இருபது அடங்கும்.
படிக்கட்டைச் சுமந்துவரும் ஒளி
அவற்றைச் சுழற்ற வேண்டும். கணக்கு அப்படி.
மணிகள் பிடிபட்டன. நின்றன.
நின்றுகொண்டே இருந்தன.

தகடுகளைக் கழுவுவது என் வேலை.
அசிட்டோன், பிறகு ஆல்கஹால், பிறகு நைட்ரஜன் காற்று.
டிசம்பரில் முடியும் ஒப்பந்தத்தில்
நான்காவது வரியில் எழுதியிருக்கிறது.
போன கட்டுரையின் நன்றியுரையில்
என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
நான் கழுவக் கழுவ
அந்த மணிகள் இன்னும் தெளிவாயின.
ஒளி உள்ளே புகுந்து, வெளியே வந்து,
தன் முறுக்கைத் தானே எடுத்துக்கொண்டு போனது.
வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

நேற்றிரவு பூன் கெங்
அச்சுப்பொறிக்கு மை மாற்றிவிட்டுக்
கையைத் துடைக்காமல் வந்து
தகட்டைத் தொட்டிருக்கிறான்.
நான் பார்க்கவில்லை. ஹஸ்னிசா திட்ட வாயெடுத்தாள்.
திரையில் ஒரு கரும்புள்ளி மிதந்து வந்தது.
வளையம் அதைச் சுற்றிலிருந்தும் தள்ளியது.
போக வழியில்லாமல்
அந்த நடு இருட்டில் போய் நின்றது துகள்.

பிறகு திரும்பியது.

முதலில் நீரோட்டம் என்றே நினைத்தேன்.
ஒரு மூலை உடைந்த துகள் அது,
அந்த மூலை மேலே வந்தது, இடதுபக்கம் இறங்கியது,
காணாமல் போய் மறுபடி மேலே வந்தது.
நிமிடத்துக்கு ஒன்பது.
மேசை அதிரும் என்று மூச்சை அடக்கினோம்,
முக்கால் டன் மேசை.
கோடுகளைத் தலைகீழாக்கிப் போடு என்றான் பூன் கெங்,
இன்னும் கையைத் துடைக்கவில்லை.
போட்டாள்.
துகள் நின்றது. யோசிப்பது போல் கொஞ்ச நேரம்.
வலமாகச் சுற்றியது.

எடையில்லாதது தள்ளியது.
ஒரு பொட்டு அழுக்கு அதை விழுங்கித்
திரும்பிக் காட்டியது.

வெளியே வந்தபோது மணி நாலு நாற்பது.
பாலத்து விளக்குகள் கடலில் நீண்டு கிடந்தன.
பசியாறக் கடை எதுவும் திறக்கவில்லை.
பாதுகாவலரின் டார்ச் என் முகத்தில் பட்டு விலகியது.
ஒன்றும் உணரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அதன்பிறகுதான் ஞாபகம் வந்தது.
காலையில் எனக்கு விடுமுறை,
பதில் ஆள் வருவான், நல்ல பையன், சுத்தம் பார்ப்பவன்.
திரும்ப ஓடினேன்.
மூன்று மொழியில் எழுதித் தகட்டின் பக்கத்தில் ஒட்டினேன்,
தமிழில்தான் கடைசியாக, அவசரத்தில், ஒரு எழுத்து விட்டு:

கழுவாதீகள்.